கடிகாரக்காரன் கதவைச் சாத்தினானா?

அத்தியாயம் ஏழு

ஒப்பிலக்கியத் துறை மூன்றாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் இரண்டாவது மாடியோடு நின்றுவிடும். கட்டியவர்களே இலக்கியத்துக்கு அவ்வளவுதான் மரியாதை கொடுத்திருக்கிறார்கள்.

துப்பறிவாளர் கோட்டான் மூச்சு வாங்கப் படியேறினார். பெற்றவர்கள் வேறு பெயர்தான் வைத்திருப்பார்கள். எதிராளி பேசப் பேச வாயே திறக்காமல் கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டிருப்பார் என்பதால் தெரு வைத்த பெயர் இது. சலவைக்கடை மாடியில் அலுவலகம். பெயர்ப்பலகை பெரியது. வருகிற ஆட்களில் பாதிப்பேர் இஸ்திரிக்குக் கொடுத்த சட்டையைக் கேட்டு வருகிறவர்கள்.

பின்னால் உதவியாளர் பட்டாசு. வயது முப்பத்தைந்து. ஒரு புருஷனை விட்டுவிட்டு வந்தவள். வாயை விட்டுவிட்டு வரவில்லை.

"ஏன் பாஸ், ஒப்பிலக்கியம்னா என்னதான் பண்ணுவாங்க?"

"ரெண்டு மொழிப் புத்தகத்தைப் பக்கத்துல பக்கத்துல வச்சு, எது எதுல ஒத்துப்போகுது, எங்க வேறுபடுதுன்னு பார்ப்பாங்க."

"அட, எங்க தெருவுல இதைப் பட்டம் இல்லாமலே பண்றோமே! மேல்வீட்டு மருமகளையும் கீழ்வீட்டு மருமகளையும் வச்சு தினமும் ரெண்டு மணி நேரம்."

விஷயம் இதுதான். இந்தத் துறையில் மூன்று வருடமாக முனைவர் பட்டத்துக்குப் படிக்கிற ஓர் ஆராய்ச்சிக்காரி. கல்யாணமானவள், குரலே எழும்பாத சுபாவம். இரண்டு நாவல்களை எடுத்துக்கொண்டாள். ஒன்று நம் மொழியில்: கணவன் காணாமல் போன ஒரு தையற்காரியின் கதை. இன்னொன்று பனி கொட்டுகிற ஒரு நாட்டில், அந்த நாட்டிலேயே நாலு பேர் மட்டும் படித்த நாவல்: மகன் காணாமல் போன ஒரு கடிகாரக்காரனின் கதை. இரண்டு பேரும் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். தையற்காரி கடைசி வரை வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள். கடிகாரக்காரன் ஒருநாள் எழுந்து கதவைச் சாத்திவிடுகிறான். அந்தச் சாத்திய கதவை வைத்துத்தான் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம். உயிர்நாடியே அதுதான்.

ஆய்வேட்டைத் துறையில் கொடுத்தாள். திருட்டுப் பார்க்கிற கணினி, 'இது ஏற்கெனவே வந்த சரக்கு' என்று சிவப்பு விளக்குப் போட்டது. அதே துறையின் இளம் விரிவுரையாளர் ஒருவர் அதே கதவை, அதே வாக்கியங்களோடு, ஓர் ஆராய்ச்சி இதழில் தன் பெயரில் முன்னாலேயே சாத்தியிருந்தார். நாளைக் காலை விசாரணைக் குழு. அவள் எழுத்து அவளுடையதுதான் என்று நிரூபிக்காவிட்டால் திருட்டுப் பட்டத்தோடு வெளியே போக வேண்டியதுதான். வேறு எந்தப் பல்கலைக்கழகமும் வாசலில் கூட நிற்க விடாது.

கோட்டானை அமர்த்தியது அவள் கணவர். காப்பீட்டுக் கம்பெனி அதிகாரி. "எவ்வளவு நல்ல மனுஷன்!" என்று சலவைக்கடைக்காரர் மனைவி இரண்டு நாளாகச் சொல்லி மாய்ந்துபோகிறாள்.

ஆராய்ச்சிக்காரியின் ஆய்வுக்கு வழிகாட்டுகிற நெறியாளர் அம்மாவின் அறைக்கதவு திறந்திருந்தது. தலைநரைத்த, கம்பீரமான பெண்மணி. மேசைமேல் கணினி. அந்தக் கணினித் திரை கண்ணுக்கு நேராக நிற்பதற்காக அடியில் ஒரு தடித்த காக்கி உறை. உறையின் மூலையில் ஆராய்ச்சிக்காரியின் குண்டு எழுத்து: 'மூன்றாம் அத்தியாயம்.' ஒட்டின நாடா ஒட்டினபடியே இருந்தது. அதன்மேல் சிவப்பு மையில், 'நன்று. தொடர்க.'

பட்டாசு குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"மேடம், பிரிக்காமலே நன்றுன்னு எப்படிப் போட்டீங்க?"

"அவ நல்ல பொண்ணும்மா. நல்லாத்தான் எழுதியிருப்பா."

"சரி, அந்த விரிவுரையாளர் கட்டுரை?"

"நான் ஏன் அதைப் படிக்கணும்? அவர் என்னுதைப் படிக்கிறாரா?"

துறையில் யாரும் யார் எழுதியதையும் படிப்பதில்லை. அதனால்தான் அங்கே இத்தனை வருடமாகச் சண்டையே இல்லை.

கோட்டான் அந்த அறைக்கு வந்து முதல் முறையாக வாயைத் திறந்தார்.

"எனக்கு இலக்கியம் தெரியாது மேடம். அந்தக் கடிகாரக்காரன் மனசுதான் கொஞ்சம் உறுத்துது. பெத்த மகனுக்காக அவ்வளவு காலம் காத்திருந்துட்டு, கடைசியில கதவைச் சாத்திட்டானே. அதோட கதையை முடிச்சுட்டாங்களே."

நெறியாளர் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"யார் சொன்னது முடிஞ்சுதுன்னு?"

"எல்லாரும் அப்படித்தானே…"

"எல்லாரும்னா யாரு? இந்த நாவலை அதோட மூலமொழியில இருபது வருஷம் பாடம் எடுத்திருக்கேன்!" அலமாரியைத் திறந்து ஒரு சாம்பல்நிறப் புத்தகத்தை இழுத்தார். கடைசிப் பக்கங்களைப் புரட்டினார். குரலே மாறிவிட்டது, பத்து வயது குறைந்ததுபோல இருந்தது. "கதவைச் சாத்தினதுக்கு அப்புறம் இன்னொரு அத்தியாயம் இருக்கு. மகன் வர்றான். ஒரு கை இல்லாம வர்றான். அப்பன் எங்க போனே, ஏன் போனே, ஒண்ணும் கேக்கலை. பழுதுபார்க்கக் கொடுத்த கடிகாரத்தைப் பார்க்கிற மாதிரி, அவனை விளக்குக்குப் பக்கத்துல நிறுத்தித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். அதுதான் முடிவு. அந்த இடத்துல வகுப்புல ஒவ்வொரு வருஷமும் யாராவது அழுவாங்க."

பட்டாசும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நமக்குத் தெரிந்து இது இரண்டாவது தடவை.

"மேடம், அந்தப் புத்தகம் நாளைக்கு வரைக்கும் வேணும்," என்றார் கோட்டான்.

விரிவுரையாளர் உணவகத்தில் அகப்பட்டார். மாணவர்கள் அவருக்கு வைத்திருக்கிற பெயர் மேற்கோள். சொந்தமாக ஒரு வாக்கியம் பேசிவிட்டால் அன்று முழுக்க உடம்புக்கு ஆகாது என்பார்கள். அந்தப் பனிநாட்டில் இரண்டு வருடம் இருந்து, அந்த மொழியிலேயே எல்லாவற்றையும் படித்ததாகச் சொல்லித்தான் வேலை வாங்கினார். அதற்கு அத்தாட்சியாக வெயிலிலும் கழுத்தில் கம்பளித் துண்டு.

"உங்க கட்டுரை பிரமாதம் சார்," என்று எதிரே உட்கார்ந்தாள் பட்டாசு. "மூலத்துலயே படிச்சு எழுதினதா போட்டிருக்கீங்க."

"மொழிபெயர்ப்பை நம்பி ஒப்பிலக்கியம் பண்றது, படத்தைப் பார்த்துச் சாப்பிடற மாதிரி."

"இது யார் சொன்னது?"

"நான்தான்," என்றார் மேற்கோள், கொஞ்சம் சந்தேகத்தோடு.

கோட்டான் தேநீரைக் கலக்கிக்கொண்டே கேட்டார். "ஒரு சின்ன சந்தேகம். மகன் திரும்பி வந்ததும் அந்த அப்பா ஏன் எதையுமே கேக்கலை?"

"எந்த மகன்? அவன்தான் வரவே இல்லையே. அவன் வராததுதான் நாவலே. கதவு சாத்தற சத்தத்தோட முடியுது. இல்லாமையே ஒரு இருப்பா மாறுற இடம் அது."

"எங்க வீட்டுச் சர்க்கரை டப்பா மாதிரி," என்றாள் பட்டாசு.

கோட்டான் சாம்பல்நிறப் புத்தகத்தை எடுத்துக் கடைசி அத்தியாயத்தைத் திறந்து, மேற்கோளின் பக்கமாகத் திருப்பி வைத்தார். வேறொன்றும் செய்யவில்லை. கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மேற்கோள் பக்கத்தைப் பார்த்தார். உண்மையிலேயே இரண்டு வருடம் அந்த நாட்டில் இருந்தவர் என்றால், தலைகீழாக வைத்திருந்தாலும் அவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டார். கம்பளித் துண்டைத் தளர்த்திக்கொண்டார்.

"நான் திருடலை," என்றார் கடைசியாக.

"பின்னே, மழையில அடிச்சுக்கிட்டு வந்து உங்க வீட்டு வாசல்ல ஒதுங்குச்சா?"

"கொடுத்தாங்க. அவ்வளவுதான் சொல்வேன். கொடுத்தவங்களைக் காட்டிக்கொடுக்க மாட்டேன்." தேநீரைப் பாதியில் விட்டுவிட்டு நடையைக் கட்டினார். காட்டிக்கொடுக்கக் கூடாது என்று ஒரு கொள்கை இருக்கிறதே, அந்த மட்டில் பாராட்ட வேண்டியதுதான்.

"முடிஞ்சுது பாஸ்!" என்று பட்டாசு மேசையைத் தட்டினாள். "மூலத்தைப் படிச்சிருந்தா மகன் வந்தது தெரிஞ்சிருக்கும். தெரியலை. ஆக, நம்ம அக்கா எழுதினதை அப்படியே காப்பி அடிச்சிருக்கார். தப்பையும் சேர்த்து."

"தப்பையும் சேர்த்து," என்றார் கோட்டான். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"ஓ," என்றாள் பட்டாசு. அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. தப்பு முதலில் யாருடையது?

ஆராய்ச்சிக்காரியின் வீடு அடுக்குமாடிக் கட்டடத்தில் நாலாவது தளம். சாப்பாட்டு மேசையில் பாதி அவளுடைய புத்தகங்கள், பாதி கணவரின் காப்பீட்டுப் பத்திரங்கள். நடுவில் தட்டு வைக்க இடம் தேட வேண்டும். கணவர் சாயங்காலமே வேலையிலிருந்து வந்துவிட்டார். மனைவிக்குத் தலைவலி என்று தானே காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். வந்தவர்களுக்கும் கொடுத்தார். சலவைக்கடைக்காரர் மனைவி பார்த்திருந்தால் கண் கலங்கியிருப்பாள்.

கோட்டான் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். கடைசியாக ஓர் அத்தியாயம் இருக்கிறது, மகன் வருகிறான், கதவு மறுபடி திறக்கிறது.

ஆராய்ச்சிக்காரி அவரையே பார்த்தாள். எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்து வந்தாள். கருஞ்சிவப்புத் தோல் அட்டை, முதுகில் தங்க எழுத்தில் தலைப்பு, அதன்கீழே அவள் பெயர். அந்த நாவலின் பழைய மொழிபெயர்ப்பு. எப்போதோ அச்சு நின்றுபோனது.

"முதல் கல்யாண நாளுக்கு இவர் கொடுத்தது," என்றாள். "பழைய புத்தகமா வாங்கி, பைண்டு பண்ணி, என் பேரும் போட்டு. இதைப் படிச்சுட்டுத்தான் சார் நான் மறுபடி படிக்கவே போனேன். அந்த மொழியை இப்பத்தான் எழுத்துக்கூட்டிக் கத்துக்கறேன். மூலம் மேடம் அலமாரியில இருக்கு, அவங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு…" புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். கதவு சாத்தியிருந்தது. அதற்கப்புறம் பளபளவென்று ஒரு வெற்றுத்தாள், அட்டை. "இதுல இவ்வளவுதானே இருக்கு?"

கோட்டான் சாம்பல்நிறப் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தைத் திறந்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"அப்ப மூணு வருஷமா நான்… இல்லாத முடிவை வச்சு…"

"அக்கா, ஆனா அதுதான் உங்களைக் காப்பாத்தப்போகுது," என்றாள் பட்டாசு அவசரமாக. "இந்தத் தப்பு உங்க வீட்டுப் புத்தகத்துல மட்டும்தான் இருக்கு. மேற்கோள் கட்டுரையிலயும் இருக்குன்னா, அது இங்கேர்ந்துதான் போயிருக்கணும். குழு முன்னாடி இதைச் சொன்னா போதும்."

"சொன்னா நானும் முட்டாள்னு ஒத்துக்கணும்."

"எதுக்கும்மா அந்த அவமானம்?" கணவர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று தோளில் கை வைத்தார். "பேசாம ஆய்வேட்டை வாபஸ் வாங்கறேன்னு எழுதிக்கொடுத்துட்டு வந்துடு. விசாரணையும் இருக்காது, பேரும் கெடாது. உனக்கு என்ன குறை இங்க? எனக்கு இந்த இலக்கியமெல்லாம் தெரியாது. நாலு வரி படிச்சாலே கொட்டாவி வரும். ஆனா நீ நாலு பேர் முன்னாடி தலைகுனிஞ்சு நிக்கிறதை என்னால பார்க்க முடியாது."

அவள் அவர் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டாள். அந்தக் கை ஒன்றுதான் அன்றைக்கு அவளுக்கு மிச்சமாக இருந்தது. கோட்டான் அதைப் பார்க்கவில்லை. புத்தகத்தின் பின்னட்டையின் உட்பக்கத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒட்டியிருந்த ஒரு சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பைண்டு செய்த கடையின் முகவரி.

அந்தக் கடை அச்சகங்கள் இருக்கிற சந்தில், பசை வாசனைக்கு நடுவில் இருந்தது. கடைக்காரர் கதவை இழுத்துப் பூட்டிக்கொண்டிருந்தார். சுருக்கென்று பேசுகிற ஆள். புத்தகத்துக்குள் என்ன இருக்கிறது என்று தனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

"கருஞ்சிவப்புத் தோல், தங்க எழுத்து, கீழே ஒரு பொம்பளைப் பேரு," என்றாள் பட்டாசு.

"தோலுக்கு ஆர்டர் கொடுக்கிறவங்க எத்தனை பேர்? எல்லாரையும் ஞாபகம் இருக்கு. காப்பீட்டு ஆபீசர்தானே? அவர்கிட்ட அப்பவே சொன்னேன், ஐயா, இதுல கடைசி ஃபாரமே காணோம், பதினாறு பக்கம் போயிருக்கு, பழைய புத்தகக்காரன் உங்களை நல்லா ஏமாத்தியிருக்கான்னு."

கோட்டானின் கண் உருளுவது நின்றது.

"சொன்னீங்களா?"

"பின்னே? நாளைக்கு நான்தான் கிழிச்சேன்னு பேர் வரக் கூடாதில்ல?"

"அதுக்கு அவர் என்ன சொன்னார்?"

"'பரவாயில்லைங்க, அவ இதைப் படிக்கவா போறா? அலமாரியில பார்க்க லட்சணமா இருந்தா போதும்'னார். பேரை மட்டும் பெருசா போடச் சொன்னார்." கடைக்காரர் பூட்டை இழுத்துப் பார்த்தார். "போன வருஷம் மறுபடி வந்தார், முழுப் புத்தகம் எங்கேயாவது கிடைக்குமான்னு. கிடைக்காதுன்னேன். 'அப்ப நான் வந்ததையே யார்கிட்டயும் சொல்லாதீங்க'ன்னு கேட்டுக்கிட்டார்."

"எங்ககிட்ட சொல்லிட்டீங்களே!"

"நீங்க கேட்டீங்க, சொன்னேன். வேற யாரும் இதுவரைக்கும் கேக்கலை."

சந்திலிருந்து வெளியே வந்தார்கள். பட்டாசு சொன்னாள்: "நான் விட்டுட்டு வந்தவன் குடிப்பான், கத்துவான். எல்லாம் வெளியில தெரிஞ்சுது பாஸ். இந்த மாதிரி காப்பி போட்டுக் கொடுத்திருந்தா, இன்னும் அங்கேயேதான் இருந்திருப்பேன்."

மறுநாள் காலை. விசாரணை அறைக்கு வெளியே நீளமான நடை. சுவரோடு ஒரு பெஞ்சு. அதில் ஆராய்ச்சிக்காரி, மடியில் கருஞ்சிவப்புப் புத்தகம். பக்கத்தில் கணவர், சட்டைப்பையில் வாபஸ் கடிதம், அவரே தட்டச்சு செய்து கொண்டுவந்தது. அவள் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. மேற்கோளும் நெறியாளர் அம்மாவும் ஏற்கெனவே உள்ளே போய்விட்டார்கள்.

கோட்டான் வந்து எதிரே நின்றார். வழக்கத்துக்கு மாறாக அவரே பேசினார்.

"அம்மா, ஆய்வேட்டைத் துறையில கொடுக்கறதுக்கு முன்னாடி, உங்க மூணாவது அத்தியாயம் உங்களைத் தவிர யார் கைக்குப் போச்சு?"

"மேடத்துக்கு ஒரு பிரதி. அவ்வளவுதான்."

"அது இன்னும் உறை பிரிக்காம அவங்க கணினிக்கு அடியில இருக்கு. நாங்க பார்த்தோம். அப்ப, அத்தியாயம் மேடம் வழியா போகலை. வீட்டுலேர்ந்து போயிருக்கு."

"வீட்டுல யாரு சார்? நானும் இவரும்தான்…" சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். சிரித்தாள். "இவருக்குக் கொட்டாவி வரும் சார்."

"இவர் உத்தியோகமே, சின்ன எழுத்துல இருக்கறதை ஒண்ணு விடாம படிக்கிறதுதான் அக்கா," என்றாள் பட்டாசு. பிறகு பைண்டிங் கடைக்காரர் சொன்னதைச் சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. 'அவ இதைப் படிக்கவா போறா' என்ற இடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். தாழ்த்தியும் என்ன, நடையில் எதிரொலித்தது.

ஆராய்ச்சிக்காரி கணவர் பக்கம் திரும்பினாள். 'இல்லை' என்று அவர் சொல்வதற்கு வேண்டிய அளவு நேரம் கொடுத்தாள்.

அவர் சொல்லவில்லை.

"உனக்காகத்தான்மா," என்றார். "வாங்கினப்போ எனக்கென்ன தெரியும், நீ அதை வச்சுப் பட்டத்துக்கே போவேன்னு? அப்புறம் பார்த்தா வெளித் தேர்வாளர் அந்த நாவல் வந்த நாட்டுக்காரர். முதல் கேள்வியிலயே மாட்டிக்கிட்டு நிப்பே. வேற ஒருத்தர் பேர்ல வந்துட்டா, எரிச்சல்ல நீயே விட்டுடுவேன்னு நினைச்சேன். அந்த விரிவுரையாளருக்கும் பதவி உயர்வுக்கு ஒரு கட்டுரை வேணும்னு சொன்னார். நீ விட்டுடப் போறதா சொல்லிக் கொடுத்தேன். திருட்டுப் பட்டம் உன் தலையில வந்து விழும்னு நான் கனவுல கூட நினைக்கலை."

"கடைசிப் பக்கம் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? நான் ஆசையா கொடுத்த பரிசு."

"அப்ப இவங்களை எதுக்கு அமர்த்தினீங்க?"

கணவர் கோட்டானைப் பார்த்தார், பட்டாசைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"சும்மா இருந்தா நீ சந்தேகப்படுவே. அதான் நல்லா விசாரிச்சேன். இதுவரைக்கும் ஒரு கேஸு கூட முடிக்காத ஆள் இவர்தான்னு எல்லாரும் சொன்னாங்க."

"புரளி!" என்றாள் பட்டாசு. "ஒண்ணு முடிச்சிருக்கோம்."

கோட்டான் கண்ணை உருட்டவில்லை. அவருக்கும் வலித்திருக்கும் போல.

அறைக்கதவு திறந்தது. எழுத்தர் அவளைக் கூப்பிட்டார். கணவர் அனிச்சையாகச் சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார். அவள் அதைக் கவனிக்கவே இல்லை. கருஞ்சிவப்புப் புத்தகத்தை ஒரு கையிலும், கோட்டான் கொடுத்த சாம்பல்நிறப் புத்தகத்தை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஒட்டுக்கேட்பது தப்புதான். ஆனால் கதவு அவ்வளவு மெல்லியதாக இருந்தால் பட்டாசு என்ன செய்வாள், பாவம்.

உள்ளே முதலில் யாரோ இருமினார்கள். பிறகு ஆராய்ச்சிக்காரியின் குரல். எழும்பாத குரல்தான், ஆனால் தடுமாறவில்லை.

"என் மூணாவது அத்தியாயம் தப்பு. நான் படிச்ச புத்தகத்துல கடைசிப் பதினாறு பக்கம் இல்லை. மூலத்தோட ஒப்பிட்டுப் பார்க்காம எழுதினேன். ஒப்பிலக்கியம் படிக்கிறவ ஒப்பிட்டுப் பார்க்கலை. அதுக்கு என்ன தண்டனையோ கொடுங்க. ஆனா அந்தத் தப்பு என்னோடது. சார் மூலத்துல படிச்சதா எழுதியிருக்கார். மூலத்துல இல்லாத முடிவு அவருக்கு எங்கேர்ந்து கிடைச்சுதுன்னு மட்டும் கேளுங்க."

பிறகு நெறியாளர் அம்மாவின் குரல், அந்தப் பனிநாட்டு மொழியில், மேற்கோளிடம் ஏதோ கேட்டது. பதில் வரவில்லை. அதே கேள்வி இன்னொரு தடவை, நிறுத்தி நிதானமாக. அப்போதும் பதில் வரவில்லை. அப்புறம் நெறியாளர் அம்மா நம் மொழியில் சொன்னார்: "உங்க பேர் என்னன்னுதான் கேட்டேன்."

பட்டாசு வாயைப் பொத்திக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஆராய்ச்சிக்காரி வெளியே வந்தாள். மேற்கோளை உள்ளேயே உட்கார வைத்துவிட்டார்கள். அவள்மேல் இருந்த குற்றச்சாட்டு போனது. மூன்றாம் அத்தியாயமும் போனது. முழு நாவலையும் மூலத்தில் படித்து, புதிதாக எழுதிக் கொடுக்க ஒரு வருடம் அவகாசம். வரி வரியாகத் தானே உடன் உட்கார்ந்து படிப்பதாக நெறியாளர் அம்மா எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டாராம். வெட்கப்பட்டுத்தான் ஒத்துக்கொண்டிருப்பார், இருந்தால் என்ன.

"ஜெயிச்சாச்சு அக்கா!" என்றாள் பட்டாசு.

ஜெயித்தவள் முகம் மாதிரி இல்லை அது. பெஞ்சில் கணவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். கடிதம் கையில் கசங்கியிருந்தது. எழுந்தார்.

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம், வா. வண்டி கீழே இருக்கு."

அவள் வரவில்லை, போகவும் இல்லை. நின்ற இடத்திலிருந்தே கேட்டாள்.

"என் அத்தியாயத்தை அவர்கிட்ட கொடுத்தீங்களே. படிச்சுட்டு ஏதாவது சொன்னாரா?"

"அதெல்லாம் எதுக்கு இப்போ?"

"சொன்னாரா?"

அவர் யோசித்தார். அத்தனை நாளும் பொய் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போயிருந்தாரோ என்னவோ, உண்மை வந்துவிட்டது.

"ரொம்ப நல்லா இருக்குன்னார். ராத்திரி முழுக்கத் தூங்கலையாம். இந்த மாதிரி எழுத தனக்கு வராதுன்னார்."

ஆராய்ச்சிக்காரியின் குரல் எழும்பியது. உள்ளே அத்தனை பேர் முன்னாலும் எழும்பாத குரல்.

"மூணு வருஷத்துல நான் எழுதினதை முழுசா படிச்சது ரெண்டே பேர்," என்றாள். "ஒருத்தர் நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கார். அதைக் கேட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்து, என் எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டிருக்கீங்க. என்கிட்ட சொல்லணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

அவருக்குப் பதில் இருந்திருக்கலாம். அவள் காத்திருக்கவில்லை. கருஞ்சிவப்புப் புத்தகத்தை பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் வைத்துவிட்டு, சாம்பல்நிறப் புத்தகத்தை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள்.